முடிவை முதலில் ஊருக்குச் சொல்லுங்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் ஆய்வுக்கு வரும் பேராசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும்,



பெங்களூரிலிருந்து வருகிறீர்கள். சேலம், கோவை, சென்னையிலிருந்தும் வருகிறீர்கள். கெலவரப்பள்ளி அணையின் மதகருகே பாட்டிலில் தண்ணீர் பிடிக்கிறீர்கள். வாய்க்கால் ஓரத்து வயலில் மண்ணைக் கிளறி, பையில் போட்டு, தேதி எழுதி ஒட்டுகிறீர்கள். திண்ணையில் உட்கார்ந்து கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டு போகிறீர்கள். நீங்கள் வர வேண்டும், இன்னும் நிறைய பேர் வர வேண்டும் என்று நினைக்கிறவள் நான். ஓசூர் ஒன்றியத்து அரசுப் பள்ளிகளில் அறிவியல் நடத்தியவள். இந்த அணைத் தண்ணீரில் விளைவதைத் தின்கிறவள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நீங்கள் எடுத்துப்போன தண்ணீரில் என்ன இருந்தது என்பது பெரும்பாலும் எங்களுக்குத் தெரிய வருவதே இல்லை. ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகிறது, கட்டுரை எங்கோ அச்சாகும் இதழுக்குப் போகிறது. அந்தத் தண்ணீரில் முழங்கால் வரை இறங்கி நின்று உங்களுக்குப் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தவர் மறுநாளும் அதிலேயேதான் இறங்குகிறார். முடிவு முதலில் அவருக்கு வர வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். கேள்வியும் அவரிடமிருந்தே தொடங்கினால் இன்னும் நல்லது.

தென்பெண்ணையின் பாதை உங்களுக்குத் தெரியாததில்லை. நந்தி மலைப் பக்கம் பிறந்து, தட்சிண பினாகினி என்ற பெயரோடு பெங்களூரின் கிழக்கு ஓரமாக வருகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் நிரம்பி வழிவது அதில் சேர்கிறது. கொடியாளத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று மூன்று அணைகளைக் கடந்து கடலூரில் கடலைச் சேர்கிறது. கெலவரப்பள்ளியின் இடது, வலது வாய்க்கால்களை நம்பி சுமார் 8,000 ஏக்கர் இருக்கிறது. தக்காளி, கோஸ், பீன்ஸ், கொத்தமல்லி, கீரை, ரோஜா எல்லாம் விளைகிற நிலம். அங்கே விளையும் காய் பத்தலப்பள்ளி சந்தைக்கும் இராயக்கோட்டை மண்டிக்கும் போகிறது. அதில் ஒரு பங்கு அங்கிருந்து லாரி ஏறி பெங்களூருக்கே திரும்புகிறது. நகரம் அனுப்பிய தண்ணீர் காய்கறியாக நகரத்தின் தட்டுக்கு வருகிறது. ஆகவே இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டும் என்று யாரும் ஒதுங்கிவிட முடியாது.

பெல்லந்தூர் சுமார் 900 ஏக்கர் ஏரி. 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் அந்த ஏரியில் தீப்பிடித்ததை உலகமே படம் பார்த்தது. அதற்கு முன்பிருந்தே இந்திய அறிவியல் கழகத்தின் டி. வி. ராமச்சந்திராவும் அவருடைய குழுவும் பெங்களூர் ஏரிகளை அளந்துகொண்டிருந்தார்கள். சுத்திகரிக்காத சாக்கடையோடு சோப்புத்தூளின் வேதிப்பொருள்களும் பாஸ்பேட்டும் வந்து சேர்கின்றன, அடியில் தேங்கிய சேறு மழையில் கலங்குகிறது, தண்ணீர் உயரத்திலிருந்து விழும் இடத்தில் காற்று புகுந்து நுரை எழும்புகிறது என்று மக்களுக்குப் புரியும்படி திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவர்கள் நடத்தும் ஏரி மாநாடுகளில் பள்ளிப் பிள்ளைகளும் தங்கள் தெரு ஏரியை அளந்து கட்டுரை வாசிக்கிறார்கள். ஓர் ஆசிரியையாக எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் தெரியவில்லை. ஆனால் அந்த வெளிச்சம் வர்த்தூரைத் தாண்டி எங்கள் வாய்க்கால் வரை அதே அளவுக்கு வந்து சேரவில்லை.

நுரை மட்டும் வந்து சேர்கிறது. மழை வலுத்து ஷட்டரைத் திறக்கும் நாள்களில் நந்திமங்கலம் பக்கம் தரைப்பாலத்தையே அது மூடிவிடுகிறது. நேற்று ராத்திரி பெங்களூரில் மழையா என்பதை எங்கள் ஆள்கள் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொல்வார்கள்: முதல் தண்ணீர் கறுப்பாக வரும், நாற்றம் கூடும், அப்புறம்தான் கொஞ்சம் தெளியும். எந்த நேரத்தில் எந்த இடத்தில் சாம்பிள் எடுக்க வேண்டும் என்று மதகைத் திறக்கும் லஸ்கரைக் கேட்டால் போதும். காலை பத்து மணிக்குக் காரில் வந்து பகல் ஒரு மணிக்குள் முடித்துக்கொண்டு போகிறவர்களுக்கு அந்தக் கறுப்புத் தண்ணீர் கிடைப்பதே இல்லை. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் விடியற்காலையில்தான் மிகவும் குறையும் என்பதும் உங்களுக்குத் தெரிந்த பாடம்தானே.

வாய்க்கால் படியில் கொத்தமல்லி அலசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் ஓர் ஆய்வு மாணவி பேச்சுக் கொடுத்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வேர் மண் போகும்படி ஒவ்வொரு கட்டாக முக்கி, இரண்டு தட்டுத் தட்டி, ஈரச் சாக்கின் மேல் அடுக்கிக்கொண்டே பதில் சொன்னார். குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை ஏக்கர், உரத்துக்கு என்ன செலவு. எல்லாம் எழுதி முடிந்ததும் அவர் ஒரு கேள்வி கேட்டார்: "ஏம்மா, இந்தத் தண்ணியில அலசினா தழையில இருக்கறது போகுமா, இல்ல இதுல இருக்கறது தழையில ஒட்டுமா?" அந்த மாணவி நல்ல பிள்ளை. தெரியலைங்கம்மா என்று உண்மையைச் சொன்னார். அந்தக் கேள்வியை எழுதிக்கொள்ளத்தான் அவருடைய தாளில் இடமில்லை.

அந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டால் ஓர் ஆய்வே செய்யலாம். தண்ணீரை என்ன தேவைக்குப் பயன்படுத்தலாம் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அ முதல் உ வரை ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது. கடைசி வகுப்புதான் பாசனத்துக்கானது. அதில் பார்ப்பது நான்கு விஷயங்கள்: அமில காரத்தன்மை 6-லிருந்து 8.5-க்குள் இருக்கிறதா, மின்கடத்துதிறன் 2250-ஐத் தாண்டாமல் இருக்கிறதா, சோடிய ஈர்ப்பு விகிதம் 26-க்குள்ளா, போரான் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குள்ளா. இந்த நான்கும் பயிர் பிழைக்குமா, மண் உவர்க்குமா என்பதற்குத்தான் பதில் சொல்லும். இலையில் ஈயமோ காட்மியமோ ஏறுகிறதா, பச்சையாகத் தின்னும் தழையில் சாக்கடைக் கிருமி ஒட்டுகிறதா, தண்ணீரில் நிற்கிறவர் கால் ஏன் அரிக்கிறது என்பதற்கெல்லாம் அந்த வகுப்பில் இடமே இல்லை. நான்கும் அளவுக்குள் இருந்தால் 'பாசனத்துக்கு உகந்தது' என்று அறிக்கை எழுதிவிடலாம், அதில் ஒரு வரி கூடப் பொய் இருக்காது. கொத்தமல்லிக்காரருக்கு மட்டும் பதில் கிடைத்திருக்காது. எதை அளப்பது என்று முடிவு செய்யும் நாளிலேயே எங்களைக் கூப்பிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி ஊரிலிருந்து வந்தால் ஆய்வின் போக்கே மாறிவிடும் என்பதற்குப் பெங்களூரிலேயே சாட்சி இருக்கிறது. 1974-ல் அமுல்யா ரெட்டி இந்திய அறிவியல் கழகத்துக்குள் அஸ்த்ரா என்ற பிரிவைத் தொடங்கினார்; கிராமத்துக்கான தொழில்நுட்பம்தான் அதன் வேலை. தும்கூர் மாவட்டத்தில் புரா என்ற சிற்றூருக்குச் சாண எரிவாயுக் கலம் கொண்டுபோனார்கள். சமையலுக்கு எரிவாயு கொடுப்பது முதல் திட்டம். ஊர் முழுவதற்கும் இரண்டு வேளை சமைக்கும் அளவுக்கு வாயு போதவில்லை. உட்கார்ந்து பேசியபோதுதான் ஊருக்கு முதலில் வேண்டியது குடிதண்ணீரும் வெளிச்சமும் என்பது தெரிந்தது. அதே வாயுவில் எஞ்சினை ஓட்டி, போர் தண்ணீரை மேலே ஏற்றி வீடுகளுக்குக் குழாயில் கொடுத்தார்கள், விளக்கும் எரிந்தது. முதல் முயற்சி பலிக்காததையும் மறைக்காமல் எழுதி வைத்தார் ரெட்டி. எங்கள் பக்கம் வருகிறவர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரின் கதை உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும். 1956-ல் நோய் கண்டறியப்பட்டது. குமமோட்டோ பல்கலைக்கழகக் குழு 1959-ல் காரணம் பாதரசம் என்று சொல்லியது. அந்த ஊர் வேதி ஆலை விட்ட கழிவிலிருந்து பாதரசம் மீனில் ஏறி, மீன் வழியாக மக்களுக்குப் போனது. ஆனாலும் ஆலை 1968 வரை கழிவைக் கடலில் விட்டுக்கொண்டுதான் இருந்தது. பாடப்புத்தகம் சொல்லாமல் விடுவது ஒரு தாயைப் பற்றி. அதே பல்கலைக்கழகத்தின் இளம் மருத்துவர் ஹராடா மசஸுமி 1960களின் தொடக்கத்தில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி உடல்நிலை. அண்ணனுக்கு மினமாட்டா நோய் என்றார்கள். தம்பி மீனே தின்றதில்லை, ஆகவே அவனுக்குப் பிறவிக் குறை என்று டாக்டர்கள் எழுதியிருந்தார்கள். நான் தின்ற மீனின் விஷம்தான் வயிற்றிலிருந்த பிள்ளைக்குப் போயிருக்கிறது என்றார் தாய். நஞ்சுக்கொடி விஷத்தைத் தடுத்துவிடும் என்பது அன்றைய மருத்துவப் பாடம். ஹராடா பாடத்தைச் சந்தேகித்தார், தாயை நம்பி மேலே தேடினார். தாயின் வயிற்றிலேயே பாதரசம் குழந்தையைத் தாக்கும் என்பது 1962-ல் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அதே ஊரில் இன்னொன்றும் நடந்தது, அது எங்களுக்கு நேராகப் பொருந்துவது. செய்தி பரவியதும் மீன் விலை விழுந்தது. மீனவர் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. நோயை வெளியே சொன்னால் பிழைப்புப் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்ட வீடுகள் ஏராளம். எங்கள் விவசாயிகள் உங்களைக் கண்டதும் தயங்குவதற்குக் காரணம் இந்தப் பயம்தான். விஞ்ஞானத்தின் மேல் அவர்களுக்கு வெறுப்பு இல்லை. பையூர் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ராகியையும் கொள்ளையும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கி விதைக்கிற ஆள்கள் இவர்கள். 'ஓசூர் காய்கறியில் விஷம்' என்று ஒரு நாள் தலைப்பு வந்தால் மண்டியில் அன்றே கேட்பாரில்லை. தண்ணீரைக் கெடுத்தவருக்கு அதனால் ஒரு ரூபாய் நஷ்டமும் வராது. கோஸ் போட்டவர் வாங்கிய கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

அதற்காக முடிவை மறைக்கச் சொல்லவில்லை. மறைத்தால் முதலில் நோய்ப்படுவது அந்தத் தண்ணீரில் நிற்கும் எங்கள் பெண்கள்தான். பத்திரிகைக்குப் போவதற்கு முன் ஊரில் உட்கார்ந்து சொல்லுங்கள் என்கிறேன். எந்தப் பயிர் ஏற்றுக்கொள்கிறது, எது ஏற்றுக்கொள்ளாது, பச்சையாகத் தின்னும் தழைக்குப் பதில் எதைப் போடலாம், அலசுவதற்கு மட்டுமாவது போர் தண்ணீர் போதுமா, மாறுகிற காலத்தில் நஷ்டத்துக்கு அரசிடம் எப்படிக் கேட்பது? இதெல்லாம் முடிவோடு சேர்ந்து வர வேண்டும். தண்ணீர் ஆய்வாளர் தனியாக வந்தால் போதாது. வேளாண் பல்கலைக்கழகத்து ஆளும் தோல் டாக்டரும் கூட வேண்டும். கிருஷ்ணகிரியிலேயே இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஊர்க்காரரால் அளக்க முடியுமா என்று சிலர் கேட்பதுண்டு. இந்த ஆறு முடியும் கடலூரைப் பாருங்கள். அங்கே சிப்காட் தொழிற்பேட்டையின் வேதி ஆலைகளைச் சுற்றியுள்ள கிராமத்து மக்கள் 2004-ல் தங்களுக்குள் ஒரு கண்காணிப்புக் குழு அமைத்தார்கள். எந்த நேரம், எந்தக் காற்று, என்ன நாற்றம் என்று நோட்டில் எழுதினார்கள். பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் பை வைத்த எளிய கருவியில் காற்றைப் பிடித்து அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 22 வேதிப்பொருள்கள் இருப்பதாக முடிவு வந்தது. அதுவரை 'நாத்தம் தாங்க முடியல' என்று மனு எழுதியவர்கள் அதற்குப் பிறகு வேதிப்பொருளின் பெயரைச் சொல்லி அதிகாரியிடம் பேசினார்கள். பள்ளிப்படிப்பைத் தாண்டாதவர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். கருவியைக் கையாளக் கற்றுக்கொடுக்க ஆள் இருந்ததுதான் வித்தியாசம். எங்கள் அரசுப் பள்ளிகளில் வேதியியல் ஆய்வகம் இருக்கிறது, கல்லூரிகளில் அதைவிட நல்ல ஆய்வகம் இருக்கிறது. நீங்கள் வராத நாள்களிலும் அளப்பதற்கு ஆள்கள் இங்கேயே இருக்கிறார்கள்.

இதே ஆற்றங்கரையில், விழுப்புரம் மாவட்டத்தில் இருவேல்பட்டு என்று ஓர் ஊர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 வாக்கில் மாணவர்களைத் தங்கள் சொந்த ஊர்களுக்கே கணக்கெடுக்க அனுப்பினார். அப்படி ஆராயப்பட்ட ஊர்களில் அதுவும் ஒன்று. பிறகு 1930களில், 1961-ல், 1981-ல், 2008-ல் என்று ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப அங்கே போனார்கள். நிலம் யாரிடம் இருந்து யாரிடம் போனது, கூலி எப்படி மாறியது, சாதி எப்படி இறுகியது, எங்கே தளர்ந்தது என்று நூறு வருஷக் கதை சேர்ந்திருக்கிறது. இந்தியாவில் இப்படி ஒரு பதிவு கிடைத்த ஊர்கள் மிகக் குறைவு. திரும்பி வருவது என்ற அந்தப் பழக்கத்துக்கு நான் தலைவணங்குகிறேன். 2024 டிசம்பரில் ஃபெங்கல் புயலின்போது எங்கள் மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தென்பெண்ணை புரண்டு இருவேல்பட்டையும் மூழ்கடித்தது. நூறு வருஷம் தங்களைப் பற்றி எழுதப்பட்டதில் எத்தனை பக்கம் அந்த மக்களின் கையில் தமிழில் இருக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

எல்லை என்ற சிக்கலைச் சொல்லாமல் விட முடியாது. அத்திப்பள்ளி சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் ஒரு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், இந்தப் பக்கம் இன்னொன்று. கர்நாடகம், தமிழ்நாடு என்ற இரண்டு அரசுகளும் தண்ணீருக்காக நீதிமன்றம் வரை போனவை. ஓர் அரசின் எண்ணை இன்னோர் அரசு நம்பாது. பல்கலைக்கழகத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. பெங்களூர்க் குழுவும் தமிழ்நாட்டுக் குழுவும் ஒரே நாளில், ஒரே முறையில், வர்த்தூரிலிருந்து கிருஷ்ணகிரி அணை வரை சாம்பிள் எடுத்து ஒரே அட்டவணையில் போட்டால் அதை இரண்டு பக்கமும் மறுக்க முடியாது. அந்த அட்டவணையில் ஓசூர் மாநகரத்துச் சாக்கடையும் எங்கள் சிப்காட்டும் இருக்க வேண்டும். மேலிருந்து வருவதை மட்டும் காட்டிக்கொண்டு நாங்கள் ஆற்றில் விடுவதை மூடி மறைத்தால் கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே உள்ளவர்கள் எங்களை என்ன சொல்வார்கள்?

மொழியும் உங்களுக்குத் தடையாகாது. பாகலூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் அநேகம். பெங்களூர் மாணவர் கன்னடத்தில் கேட்டால் கன்னடத்திலேயே பதில் வரும். முடிவைத் தமிழில் எழுதி மூன்று மொழியிலும் வாசித்துக் காட்டினால் ஊரில் புரியாதவர் இருக்கமாட்டார். சிப்காட் வேலைக்காக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வாடகை அறைகளில் இருப்பவர்களும் இதே காயைத்தான் தின்கிறார்கள். இந்தி தெரிந்த மாணவர் ஒருவர் அவர்கள் பக்கமும் போய் வரட்டும்.

உங்கள் கல்லூரி முதல்வர் அனுமதி தரமாட்டார் என்று தயங்க வேண்டாம். 2014-ல் தொடங்கிய மத்திய அரசின் உன்னத் பாரத் அபியான் திட்டம், அதில் சேரும் ஒவ்வொரு கல்வி நிறுவனத்தையும் ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்கச் சொல்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், மக்களோடு சேர்ந்து ஆய்வு செய்வதைப் பாடத்தின் ஒரு பகுதியாக்கச் சொல்கின்றன. தத்தெடுத்த ஊரில் ஒரு நாள் மரம் நட்டுப் படம் எடுத்தாலும் கணக்கு நேராகிவிடும். ஆனால் அந்த ஐந்தில் ஒன்று கெலவரப்பள்ளி வாய்க்கால் ஓரத்து ஊராக இருந்தால் ஒரு மாணவரின் மூன்று வருஷ உழைப்புக்கு அர்த்தம் உண்டாகும்.

வரும்போது சிலவற்றை மட்டும் மறக்காதீர்கள். கூலியை விட்டுவிட்டு உங்களோடு அரை நாள் நடக்கிறவருக்கு அந்தக் கூலியை உங்கள் திட்டச் செலவிலேயே எழுதிவிடுங்கள். சாம்பிள் எடுத்த வயலின் சொந்தக்காரர் பெயர் வெளியே போகாது என்று முதலிலேயே வாக்குக் கொடுங்கள். பெண்களிடம் கேட்கப் பெண்களை அனுப்புங்கள், அதுவும் சந்தைக்கு லோடு போகாத நாளாகப் பார்த்து. அளக்கும் கருவியை ஒரு பள்ளியில் விட்டுவிட்டுப் போங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கூட வாரம் ஒரு முறை எழுதி வைப்பார்கள், அவர்களை நான் அறிவேன்.

முடிவைச் சொல்ல இடமும் நாளும் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டு ஊராட்சிகளில் இப்போது வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம், அதில் ஒன்று. அங்கே வாசித்தால் கேள்வி கேட்க நிறைய பேர் இருப்பார்கள். வாசித்தது தீர்மானமாகப் பதிவேட்டில் ஏறினால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஊரின் பெயரிலேயே போகும். அடுத்த மார்ச்சுக்கு முன்னால், ஜனவரி 26 சபையில் முதலில் வந்து உட்காருங்கள். என்ன ஆய்வு செய்யப்போகிறோம் என்று அங்கே சொல்லுங்கள், கொத்தமல்லிக்காரர் கேள்வியையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். வருகிற தேதியை ஊராட்சிச் செயலருக்கு ஒரு வாரம் முன்னதாக எழுதிவிட்டால் பொருள்நிரலில் சேர்த்துவிடுவார்கள். பாசன சங்கத்து ஆள்களுக்கு நான் சொல்லி வைக்கிறேன்.

இப்படிக்கு,
கெலவரப்பள்ளிப் பாசனப் பகுதியிலிருந்து,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை ஒருவர்